தட்டோடு வந்த ஆர்டெல்லா

1938 மார்ச் இரண்டாம் சனிக்கிழமை மதியக் காட்சியில், திரையில் காப்பித் தட்டோடு வந்த வேலைக்காரி அண்ணாந்து பால்கனியைப் பார்த்து, "ஏய் வெர்னீஸ், அம்மா மருந்தை ஒழுங்கா குடிக்கிறாங்களா?" என்று கேட்டாள். கீழே உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர்களுக்கு "சரிங்கம்மா" என்று மட்டும்தான் கேட்டது. மிசிசிப்பியில் வில்மோர் ஊர்த் தியேட்டரில் கறுப்பர்களுக்குப் பால்கனிதான். ஏறுவதற்குச் சந்துப் பக்கம் தனிப் படிக்கட்டு. அங்கிருந்த நாற்பது பேரும் வெர்னீஸைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வெள்ளைக்காரர் வீடுகளுக்குத் துணி வெளுப்பவள். திரையில் நின்றவள் அவளுடைய அக்கா ஆர்டெல்லா. நடிகையாகப் போகிறேன் என்று பதினோரு வருஷத்துக்கு முன்னால் கலிபோர்னியாவுக்கு ரயிலேறியவள். படத்துக்குப் படம் வேலைக்காரி வேஷம், நடிகர் பட்டியலில் பெயர்கூடக் கிடையாது. "இங்கே தூக்குகிற தட்டைத் தூக்க அவ்வளவு தூரம் போகணுமா?" என்று ஒரே ஒரு கடிதம் எழுதிவிட்டு வெர்னீஸ் பேச்சை முறித்துக்கொண்டிருந்தாள். அன்றும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முடிதிருத்துபவரான பர்விஸுக்குப் பொறுக்கவில்லை. "பதில் சொல்லித் தொலைம்மா, அந்தப் பொண்ணுக்குக் கை கடுக்குது பாரு" என்றார். "குடிக்கிறாங்க. பாதியைத் துப்பிடுறாங்க" என்றாள் வெர்னீஸ், திரையைப் பார்க்காமல்.

அதற்குப் பிறகு புதுப் படம் வரும்போதெல்லாம் பால்கனி நிறைந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் தன் தம்பி யாரோடு சுற்றுகிறான் என்று பர்விஸ் விசாரித்தார். அடுத்த படத்தில் பதில் வந்தது, நல்ல பதிலாக இல்லை. அக்கா தங்கை சண்டையும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. "வேற வேஷம் கேளேன்க்கா." "கேட்டேன்டி. சமையக்காரியா நடின்னுட்டாங்க."

1943இல் அம்மா இறந்தார். தந்தியடிக்க மனம் வராமல் வெர்னீஸ் நேரே தியேட்டருக்குப் போனாள். காதலன் வரவில்லையென்று கதாநாயகி அழுதுகொண்டிருக்க, ஆர்டெல்லா தேநீரோடு வந்தாள். வெர்னீஸ் எழுந்து நின்றாள். "அக்கா, அம்மா போயிட்டாங்க. செவ்வாய்க்கிழமை. கடைசியா உன் பேரைத்தான் சொன்னாங்க." ஆர்டெல்லாவின் முகம் உடைந்தது. எஜமானிக்காக இப்படி அழுகிறாளே, எவ்வளவு விசுவாசம் என்று கீழே பெண்கள் உருகினார்கள். "தட்டைக் கீழ வை அக்கா. உக்காரு" என்றாள் வெர்னீஸ். ஆர்டெல்லா பட்டு சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். வாசலில் மணி அடித்தது. கதவைத் திறக்க ஆளில்லாமல் கதாநாயகன் ஒன்பது நிமிஷம் மழையில் நின்றான். படச்சுருள் சிக்கிக்கொண்டதாகக் கீழே விசிலடித்தார்கள். ஆபரேட்டர் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டார். பால்கனி அதற்குள் அம்மாவுக்கான துதிப்பாட்டை மூன்று சரணமும் பாடி முடித்தது. பிறகு ஆர்டெல்லா முகத்தைத் துடைத்து, "போய்ட்டு வரேன்டி" என்று கதவைத் திறந்தாள். உள்ளே வந்தவனுக்கு நிஜமாகவே ஜலதோஷம் பிடித்திருந்தது. படம் முடியும்வரை தும்மினான்.

1964இல் சட்டம் மாறி, யாரும் எங்கும் உட்காரலாம் என்றானது. முன்வரிசைக்கு வழிகாட்டிய டிக்கெட் கிழிப்பவரிடம் வெர்னீஸ், "நான் கீழ உக்காந்தா அவ யாரைத் தேடுவா?" என்று கேட்டுவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். அந்தப் படத்தில் ஆர்டெல்லா பள்ளிக்கூட ஆசிரியை. பட்டியலில் மூன்றாவது பெயர். பாதிப் பாடத்தில் சாக்கட்டியைக் கீழே வைத்து, "முட்டிக்கு என்னடி தடவுற?" என்று கேட்டாள். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.