மொத்தம்: ஒன்று

காலை ஆறு மணிக்கு என் அண்ணன் டேகர், நஜ்முலின் அறைக் கதவைத் தட்டி அவனை எண்ணினான். ஒன்று. படிவத்தில் 'மொத்தம்' என்ற கட்டத்தில் அதை எழுதி, இரண்டு காவலர்கள் கையெழுத்துப் போட்டு, என் மேஜைக்கு அனுப்பினார்கள். மதியம் ஒரு தடவை, மாலை ஒரு தடவை மறுபடி எண்ணுவார்கள். ஒரு காலத்தில் ஆயிரம் பேருக்கு மேல் அடைத்து வைத்திருந்த முகாம் இது. சிலர் அமெரிக்கா போனார்கள், சிலர் நியூசிலாந்து, சிலர் மண்ணுக்குள். இப்போது மிச்சம் நஜ்முல் மட்டும். அவன் ஒருவனைப் பார்த்துக்கொள்ள நாங்கள் அறுபத்தொரு பேர். சமைக்க மூன்று பேர். துணி துவைக்க இரண்டு பேர். ஐம்பது இருக்கைப் பேருந்தில் அவனை ஒற்றை ஆளாக உட்கார வைத்துக் கடற்கரைக்குக் கூட்டிப்போக ஒரு ஓட்டுநரும் ஒரு உதவியாளரும். அவன் விண்ணப்பக் கோப்புகளைக் கவனிக்க ஒரு அதிகாரி. அது நான்.

ஒப்பந்தம் அப்படி. உள்ளே ஒரு ஆளாவது இருந்தால் முழு ஆட்களும் வேலையில் இருக்கலாம். ஒருவரும் இல்லையென்றால் பூட்டைக் காவல் காக்க எட்டுப் பேர் போதும். அந்த எட்டில் டேகர் இல்லை, நானும் இல்லை. எங்கள் வீட்டில் பதினொரு பேர் சாப்பிடுகிறார்கள். சம்பாதிப்பது நாங்கள் இருவர். எங்கள் தீவின் வயிற்றைக் கிழித்துப் பாஸ்பேட்டை அள்ளிக்கொண்டு போய்த் தன் கோதுமை வயல்களுக்கு உரமாகப் போட்டுக்கொண்ட பெரிய நாட்டுக்காரன், எங்களுக்கு விட்டுவைத்தது கூர்ப்பாறைகளும் சர்க்கரை வியாதியும். பிறகு திரும்பி வந்து, "அடைக்கலம் கேட்டுப் படகில் வருகிறவர்களை என் மண்ணில் சேர்க்கமாட்டேன், நீங்கள் வைத்துக்கொள்கிறீர்களா" என்று கேட்டான். வைத்துக்கொண்டோம். கடல் தாண்டிச் சுவா நகரத்தில் பட்டம் படித்தபோது இதைப் பற்றித்தான் நாற்பது பக்கம் எழுதினேன். ஒவ்வொரு பக்கத்திலும் அவனைக் குற்றவாளி என்றேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. பட்டத்தோடு ஊருக்கு வந்ததும் கிடைத்த ஒரே வேலையும் அவனிடம்தான்.

நஜ்முலைக் கனடாவில் ஒரு சின்ன ஊர் தேவாலயத்தார் அழைத்திருந்தார்கள். பாதுகாப்புச் சோதனைச் சான்று, மருத்துவச் சான்று என்று இரண்டு காகிதம். இரண்டும் ஒரே நாளில் உயிரோடு இருக்க வேண்டும். ஆறு மாதம்தான் ஒவ்வொன்றுக்கும் ஆயுள். இதற்கு முன் இரண்டு முறை, ஒன்று கைக்கு வருவதற்குள் மற்றது செத்துப்போனது. இந்த முறை பாதுகாப்புச் சான்றின் ஆயுள் இன்று மாலை நான்கு மணி வரை. பாக்கி இருந்தது மார்பு எக்ஸ்ரே ஒன்றுதான். படம் எடுத்து அனுப்பினால் அந்தப் பக்கம் ஒரு மருத்துவர் பார்த்து உடனே கையெழுத்துப் போடுவார். எக்ஸ்ரேக்கு நாள் குறிக்கச் சொல்லி எனக்குக் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. நான் குறித்த நாள் இன்று, நேரம் மூன்று மணி. எங்கேயும் பொய் சொல்லவில்லை. ஏன் இன்று என்று யாரும் கேட்கவில்லை.

டேகர் வேலை முடிந்து போகும்போது என் மேஜையில் சாய்ந்தான்.

"எக்ஸ்ரே இன்னிக்கா?"

"மூணு மணிக்கு."

"மெஷின் ஓடுதாமா?"

"நேத்து ஓடிச்சு."

"அது பாட்டுக்கு ஓடும், நிக்கும். பழைய மெஷின்தானே." சாவிக்கொத்தைச் சுழற்றினான். "நீ சுவாவுல படிச்சு முடிச்சிட்டே. சின்னவ இன்னும் ரெண்டு வருஷம் படிக்கணும். ஞாபகம் இருக்கட்டும்."

நஜ்முல் மேல் இங்கே எல்லோருக்கும் உயிர். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் போதகர் அவனை முன்னால் நிறுத்தி, "கர்த்தாவே, எங்கள் சகோதரனை எங்களிடமிருந்து பிரிக்காதேயும்" என்று ஜெபித்தார். அறுபத்தொரு பேரின் குடும்பங்களும் ஆமென் என்றன. கிறிஸ்துமஸுக்குக்கூட அவ்வளவு சத்தமாக ஆமென் சொல்லி நான் கேட்டதில்லை. அவன் முஸ்லிம். இருந்தாலும் தலையைக் குனிந்துகொண்டு அழுதான். "எனக்காக யாரும் இப்படி வேண்டினதில்லை, தங்கச்சி" என்றான் என்னிடம். நான் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

மதியம் தலைமைச் சமையல்காரி எய்ரூ அத்தை அவன் தட்டில் முழுச் சூரை மீனை வைத்தாள்.

"திங்குடா. கனடாவுல மீனு கல்லு மாதிரி உறைஞ்சு கிடக்குமாம். கோடாலியால வெட்டித்தான் திங்கணும்."

"பரவாயில்லத்தை. வெட்டிக்கிறேன்."

"நீ போயிட்டா நான் யாருக்குடா சமைப்பேன்?"

"வீட்டுல மாமாவுக்குச் சமைச்சுப் போடுங்க."

"அந்த மனுஷன் சம்பளம் குடுப்பானா?"

எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு முடிந்த பிறகு யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நஜ்முல் மட்டும் சிரித்துக்கொண்டே மீன் முள்ளை எடுத்தான். அவன் படகேறி நான்கு மாதம் கழித்துப் பிறந்த மகள் சிட்டகாங்கில் இருக்கிறாள். பதினோரு வயது. தொலைபேசித் திரையில்தான் வளர்ந்தாள். கனடா போய்விட்டால் ஒரு வருடத்தில் அவளை அழைத்துக்கொள்ளலாம் என்று தேவாலயத்தார் எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தை மடித்து மடித்து, மடிப்பில் எழுத்து அழிந்துபோயிருந்தது.

மூன்று மணிக்கு அவனை மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தலைக்கு எண்ணெய். எக்ஸ்ரே எடுப்பவர் ஒபதியா மாமா, என் அம்மாவின் தம்பி. அவருடைய இரண்டு மகன்களும் முகாமில் காவலர்கள். நாங்கள் இருபது நிமிடம் காத்திருந்த பிறகு ஒரு பெண் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே உள்ளேயிருந்து வெளியே வந்தாள்.

"மெஷின் மக்கர் பண்ணுது தம்பி," என்றார் மாமா, கதவை மறித்து நின்று. "திங்கக்கிழமை வா."

நஜ்முல் அந்தப் பெண் நடந்து போவதைப் பார்த்தான். பிறகு மாமாவின் தோளுக்கு மேலாக உள்ளே எரிந்துகொண்டிருந்த பச்சை விளக்கைப் பார்த்தான். பிறகு என்னை.

"தங்கச்சி, நிஜமாவே கெட்டுப்போச்சா?"

"தொழில்நுட்பக் கோளாறுன்னு எழுதித் தரேன். புதுசா விண்ணப்பம் போடலாம்."

"புதுசான்னா ரெண்டு வருஷம்."

"ஆமா."

கத்துவான் என்று நினைத்தேன். கத்தினால் எனக்குச் சுலபம். 'அமைதியின்மை' என்று ஒரு படிவம் இருக்கிறது. அவன் கத்தவில்லை. "ரெண்டு வருஷத்துல எம்பொண்ணுக்குப் பதிமூணு ஆயிடும்," என்றான், எனக்குக் கணக்கு தெரியாது என்பதைப் போல.

மாமாவின் கையை மெதுவாக விலக்கிவிட்டு உள்ளே போனான். சட்டையைக் கழற்றி நான்காக மடித்து நாற்காலியில் வைத்தான். முன்பு இரண்டு முறை எடுத்தவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தகட்டின் மேல் விளிம்பில் முகவாயை வைத்தான், மார்பை ஒட்டினான், இரண்டு கைகளாலும் தகட்டைக் கட்டிக்கொண்டான்.

"நான் ரெடி, மாமா."

மூச்சை இழுத்துப் பிடித்தான்.

நானும் மாமாவும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்றோம். சுவர்க் கடிகாரத்தில் மூன்று இருபத்தைந்து. படம் போய்ச் சேரப் பத்து நிமிடம் ஆகும். மாமாவின் கட்டைவிரல் பொத்தானுக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் அதை அழுத்தவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

"சொல்லுடி," என்றார் கிசுகிசுப்பாக. "படிச்சவ நீதானே."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நஜ்முலின் முதுகு. விலா எலும்புகள் ஒவ்வொன்றும் விரிந்து நின்றன. தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே வியர்வை ஒரு கோடாக இறங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. விரல் நுனிகள் தகட்டின் மேல் வெளுத்துப்போயிருந்தன. அரை நிமிடம் ஆகியிருக்கும். முதுகு முழுக்க நடுங்க ஆரம்பித்தது. அவன் மூச்சை விடவில்லை.