வாய் திறக்காத வாடிக்கையாளர்கள்

சட்டம் போட்டவர்கள் வீட்டில் தையல் மெஷின் இருக்க வாய்ப்பே இல்லை என்று மெக்கானிக் முதல் நாளே சொல்லிவிட்டார். இருந்திருந்தால் இப்படி ஒரு சட்டத்தைப் போட்டிருப்பார்களா?

மெக்கானிக் நாற்பது வருஷமாகத் தையல் மெஷின் பழுது பார்ப்பவர். மூன்று வருஷத்துக்கு முன் மருமகள் தன் கம்பெனி வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டு, மாமனாரின் காதை வைத்து இணையத்தில் ஒரு கடை திறந்தாள். வெளிநாட்டில் யாருடைய மெஷினாவது மக்கர் பண்ணினால் அந்தச் சத்தத்தை போனில் பதிந்து அனுப்ப வேண்டியது. எங்கே கோளாறு, எந்த ஸ்க்ரூவை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று மெக்கானிக் கேட்டுச் சொல்வார். மருமகள் அதை எழுதி, படம் போட்டு அனுப்புவாள். ஏழெட்டு நாடுகளிலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. பாதிக்கு மேல் ஒரே நாட்டிலிருந்து. அங்கே வீட்டுக்கு வீடு தைக்கிறார்கள், பழுது பார்க்கத்தான் ஆள் இல்லை.

ஆனால் வெறும் மெஷின் சத்தத்தை மெக்கானிக் தொடமாட்டார். மெஷின் ஓடுவதற்கு முன் அதன் சொந்தக்காரர் தன் வாயால் பேச வேண்டும். எத்தனை நாளாக இப்படி, கடைசியாக என்ன தைத்தீர்கள், நீங்களே கழற்றிப் பார்த்தீர்களா? அவர்கள் பேசும் பாஷை மெக்கானிக்குக்கு ஒரு வார்த்தையும் தெரியாது.

"தெரியாம இருக்குறதுதான் நல்லது" என்பார். "புரிஞ்சா, சொல்ற விஷயத்துல மனசு போயிடும். புரியாததுனாலதான் பொய் சுத்தமாக் கேக்குது."

மெஷினைப் பிரித்து மேய்ந்துவிட்டு, தொடவே இல்லை என்று சாதிப்பவர்கள் எல்லா நாட்டிலும் பேச்சை ஒரே மாதிரிதான் இழுக்கிறார்கள். அந்த இழுப்பைக் கேட்டதும் மெக்கானிக் ஒரு விரலைத் தூக்குவார். "கழட்டியிருக்கான்" என்று மருமகள் குறித்துக்கொள்வாள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

இந்தப் பிழைப்பில்தான் அந்தச் சட்டம் வந்து விழுந்தது.

"அவங்க நாட்டு ஜனங்களோட குரல் இனிமே எல்லை தாண்டக் கூடாதாம் மாமா" என்றாள் மருமகள். காலை வேளை. பட்டறையின் நடு மேஜையில் கம்ப்யூட்டரும், அதை ஒட்டி எண்ணெய்ப் பிசுக்கேறிய ஸ்பீக்கர் பெட்டியும் இருந்தன. "பதிஞ்சா அந்த நாட்டுக்குள்ள இருக்குற கம்ப்யூட்டர்லதான் வைக்கணும். வெளியே அனுப்பினா குத்தம்."

"குரலை வச்சு நான் என்ன ஊறுகாயா போடப் போறேன்?"

"நீங்க போடமாட்டீங்க. வேற யாராவது போடுவாங்கன்னு பயப்படுறாங்க."

"மெஷின் சத்தம்?"

"அது தாராளமா வரலாம். மெஷின் குடிமகன் இல்லையே."

மெக்கானிக் ஸ்பீக்கரைச் சந்தேகமாகப் பார்த்தார். "என் குரல் அங்க போகலாமா?"

"நம்ம நாட்டுச் சட்டம் அதைப் பத்தி இன்னும் யோசிக்கல."

"அப்ப என் குரலுக்கு மதிப்பே இல்லன்னு சொல்லு."

"இந்த வீட்டுலயே இல்ல" என்று அடுப்படியிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

மருமகள் சிரித்தாலும் முகம் முழுசாகத் தெளியவில்லை. கடை இருக்கும் இணையதளத்துக்காரர்கள் பத்து நாள் கெடு கொடுத்திருந்தார்கள். அதற்குள் குரலே இல்லாமல் மூன்று வேலை முடித்துக் காட்ட வேண்டும். மூன்றிலும் மெஷின் சரியாகிவிட்டது என்று வாடிக்கையாளர் சொல்ல வேண்டும். ஒன்று சொதப்பினாலும் அந்த நாட்டுக்குக் கடைக் கதவு மூடிவிடும்.

"பாதி போச்சுன்னா மீதிய வச்சு ஓட்ட முடியாது மாமா. நான் திரும்ப அந்தக் கம்பெனிக்கே போகணும். பாத்ரூம் போகக்கூட கார்டு தேய்க்கணும் அங்க. மேனேஜர் வேற, 'மூணே மாசத்துல வந்து நிப்ப'ன்னு சொல்லித்தான் அனுப்பினார்."

"மூணு வருஷம் ஆச்சுல்ல?"

"அதான். இப்பப் போய் நின்னா அந்த மூஞ்சியப் பாக்கணுமே."

மெக்கானிக் கைத்துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சம்மதம் என்று அதற்கு அர்த்தம்.

பேச்சுக்குப் பதிலாக மருமகள் ஒரு படிவம் தயாரித்தாள். கேள்விக்கு நேரே கட்டம், கட்டத்தில் டிக். அதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினார். "எழுத்துல எவனும் திக்கமாட்டான். டிக் போடுற கை இழுக்குமா? எல்லாரும் யோக்கியனாத்தான் தெரிவான்."

முதல் வேலை சுலபம். பெல்ட் தொளதொளத்துக் கிடந்தது, ஸ்பீக்கர் தேவையே இல்லை, சுவருக்குக் காது இருந்தால் அதுவே சொல்லிவிடும். மறுநாளே 'சரியாகிவிட்டது' என்று பதில் வந்தது. இரண்டாவதில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு நாய் குரைத்தது. மருமகள் பதறிப்போய்ப் பதிவை நிறுத்தினாள்.

"ஐயோ, இது குரலா இல்லையா?"

"அந்த நாட்டு நாய்தானே?" என்றார் மெக்கானிக், ரொம்பச் சீரியஸாக.

இணையதளத்துக்காரர்களுக்கு எழுதிக் கேட்டதில், ஒரு நாள் முழுக்க யோசித்து, சட்டத்தில் நாய் பற்றி எதுவும் இல்லை, மேலே போகலாம் என்று பதில் போட்டார்கள். அந்த மெஷினுக்கு எண்ணெய் காய்ந்துபோயிருந்தது. அதுவும் முடிந்தது.

மூன்றாவதில்தான் வண்டி நின்றது.

வீட்டிலேயே திரை தைத்து விற்கும் ஒரு பெண்மணியின் மெஷின் அது. பெரிய தினுசு. சீராக ஓடிக்கொண்டே இருந்து ஒவ்வொரு தையலுக்கும் ஒரு 'டக்'. பக்கத்துக் கடைத் தச்சரிடம் சுவரைத் தட்டி ரம்பத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, மெக்கானிக் அதை இருபது தடவை கேட்டார். காதை ஸ்பீக்கரில் வைத்துக் கேட்டார். கண்ணை மூடிக் கேட்டார்.

"ரெண்டுல ஒண்ணு" என்றார் கடைசியில். "உள்ள தண்டைத் தாங்குற புஷ் தேய்ஞ்சிருக்கணும். இல்லன்னா அடியில சுத்துற கொக்கி இடம் மாறி ஊசி அதுல உரசணும். ரெண்டுக்கும் இதே 'டக்'குதான்."

"எதுன்னு எப்படிச் சொல்றது?"

"கொக்கி தானா இடம் மாறாது. யாராச்சும் கழட்டியிருக்கணும். அந்தம்மாவப் பேசவிட்டா ஒரு நிமிஷத்துல சொல்லிடுவேன்."

"கழற்றவில்லைன்னு டிக் போட்டிருக்காங்க மாமா."

"போடுவாங்க."

"நிஜமாவே கழட்டாம இருந்தா?"

"அப்ப புஷ். புதுசு வாங்கி, மெஷினப் பாதி பிரிச்சு மாட்டணும். அப்படிச் சொல்லி, அது கொக்கியா இருந்துச்சுன்னா மூணாவது வேலை அம்போ."

கெடு முடிய இரண்டு நாள் இருந்தது. மதியச் சாப்பாடு முடிந்ததும், மாவு மில்லுக்குப் போய்வர வேண்டும் என்று மனைவி சொன்னது காதில் விழாத மாதிரி மெக்கானிக் போய்ப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"எந்திரிங்க. தூங்கல நீங்க."

பதில் இல்லை.

"முப்பத்தெட்டு வருஷமா இந்த நடிப்பப் பாக்குறேன். எந்திரிங்கன்னா."

மெக்கானிக் ஒரு கண்ணைத் திறந்தார். "நான் ஒரு வார்த்தை பேசல. தூங்கலன்னு எப்படிச் சொல்ற?"

"பேசித்தான் தெரியணுமா? நிஜமாத் தூங்குறவர் மூச்சு அதுபாட்டுக்குப் போகும். நீங்க நடிக்கும்போது, நான் கிட்ட வர்றதுக்கு முன்னாடியே மூச்சப் புடிக்கிறீங்க."

மெக்கானிக் எழுந்து உட்கார்ந்தார். மனைவியை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு மில்லுக்குப் போகாமல் நேரே பட்டறைக்குப் போனார்.

"அந்தம்மாவுக்கு எழுதும்மா. கரெண்டை நிறுத்திட்டு, பக்கவாட்டுச் சக்கரத்தக் கையால சுத்தச் சொல்லு. மெதுவா, பத்துச் சுத்து. வாயத் திறக்க வேணாம்."

"கையால சுத்தினா எது கோளாறுன்னு தெரியுமா?"

"அதுக்கு இல்ல. அனுப்பச் சொல்லு."

பதிவு அன்று சாயங்காலமே வந்தது. தச்சர் சுவர்த் தட்டலுக்குக் காத்திராமல் தானே வந்து கதவோரம் நின்றுகொண்டார், கையில் உளியோடு. மெக்கானிக்கின் மனைவியும் வந்தாள். சக்கரம் சுற்றும் மெல்லிய கரகரப்பு, பிறகு 'டக்'. மறுபடி கரகரப்பு, 'டக்'. மெக்கானிக் மூன்றாவது சுற்றிலேயே விரலைத் தூக்கிவிட்டார்.

"கழட்டியிருக்கு."

"எப்படி மாமா?"

"கை தயங்குது. 'டக்'குன்னு இடிக்குறதுக்கு முன்னாடி, ஒவ்வொரு தடவையும். கேளு." அவர் மறுபடி ஓடவிட்டார். கேட்டவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தச்சர் மட்டும் விளங்கின மாதிரி தலையாட்டினார். மெக்கானிக் விளக்கினார். "இடி எங்க வரும்னு தெரியாத கை, சும்மா சுத்திக்கிட்டே போய் முட்டும். இந்தக் கைக்கு இடம் தெரியும். உள்ள பாத்த கை. உடைஞ்சிடப் போகுதுன்னு முன்னாடியே மெதுவாகுது."

"அவங்க இல்லன்னு எழுதியிருக்காங்களே. நாம மாத்திச் சொன்னா கோவப்படமாட்டாங்களா?"

"கோவப்படட்டும். எழுது. மெஷினச் சாய்ச்சு அடியில எண்ணெய்த் தட்டப் பாக்கச் சொல்லு. கொக்கியப் புடிக்க மூணு ஸ்க்ரூ. அதுல ஒண்ணு தட்டுல கிடக்கும். வீட்டு மெக்கானிக் எவனும் ஒரு ஸ்க்ரூவ மிச்சம் வைக்காம மூடினதில்ல."

மருமகள் படிவத்தில் இருந்த டிக்கை இன்னொரு தடவை பார்த்தாள். இருந்தாலும் எழுதினாள். கொக்கியை எங்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டும், எந்த வரிசையில் ஸ்க்ரூவை முறுக்க வேண்டும் என்று படமும் வரைந்து அனுப்பினாள்.

மறுநாள் பதினோரு மணி வரைக்கும் பதில் இல்லை. மருமகள் பழைய கம்பெனியின் போன் எண்ணைத் தேடி எடுத்து, பிறகு அதைப் பார்க்காமல் இருக்கக் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தாள். பதினொன்றேகாலுக்கு ஒரு படம் வந்தது. எண்ணெயில் குளித்த ஒரு சின்ன ஸ்க்ரூ, ஒரு பெண்ணின் உள்ளங்கையில்.

கீழே எழுதியிருந்ததை மருமகள் மொழிபெயர்த்துப் படித்தாள். 'மெஷின் இப்போது வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. நான் எழுதியது பொய் இல்லை. நான் கழற்றவில்லை. ஆனால் ஸ்க்ரூவைக் காட்டியதும் என் வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டார். போன மாதம் நான் ஊரில் இல்லாதபோது அவர்தான் பிரித்திருக்கிறார். நேற்று எனக்குக் கை வலி, சக்கரத்தைச் சுற்றியதும் அவர்தான்.'

"பாத்தீங்களா" என்றாள் மனைவி. "பாவம், அந்தம்மா மேல சந்தேகப்பட்டீங்களே."

"நான் எங்க அந்தம்மாவச் சொன்னேன்?" என்றார் மெக்கானிக் கொஞ்சமும் அசராமல். "கையச் சொன்னேன். சுத்தின கை கழட்டினவனோடதுதானா இல்லையா?"

அன்று மாலையே இணையதளத்தில் கடையின் பெயருக்கு எதிரே பச்சைக் குறி ஏறியது. மருமகள் கவிழ்த்து வைத்த காகிதத்தை எடுத்து நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு முட்டுக் கொடுத்தாள். மேஜை நின்றது. அந்த நாட்டிலிருந்து ஒரே நாளில் ஒன்பது பதிவுகள் வந்து கிடந்தன, ஒன்றில்கூட மூச்சுப் பேச்சு இல்லை. மெக்கானிக் எல்லாருக்கும் கைச்சக்கரத்தைச் சுற்றச் சொல்லி எழுதச் சொன்னார். பேச்சைவிட இதுவே மேல் என்று அவருக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது. ஆனால் சட்டம் போட்டவர்களைப் பாராட்டும் அளவுக்கு அவர் போகவில்லை.

வேலையெல்லாம் ஓய்ந்த நேரத்தில் மருமகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"மாமா, அந்தத் திரைக்காரம்மா திரும்ப எழுதியிருக்காங்க. அவங்க துணி துவைக்கிற மெஷினும் ரெண்டு வாரமா முனகுதாம். அதத் தொடவே இல்லன்னு வீட்டுக்காரர் சத்தியம் பண்றாராம். சத்தத்தை அனுப்பினா உங்க மாமா கேட்டுச் சொல்வாரான்னு கேக்குறாங்க. வாஷிங் மெஷின் எங்களுக்குத் தெரியாதுன்னு எழுதிடவா?"

மெக்கானிக் தோள் துணியை உதறி ஸ்பீக்கர் பெட்டியைத் துடைத்தார்.

"எதுக்கு? அனுப்பச் சொல்லு. பட்டன அவன் கையாலயே அமுக்கச் சொல்லு."