தின், தின்னர், தின்னெஸ்ட்

சோமசேகரம் மாஸ்டரின் விரல்களைப் பார்த்தாலே பத்மாசினிக்கு அருவருப்பு வரத் தொடங்கியது 1987ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில்தான். அதற்கு முன் இரண்டு வருடங்கள் அவருடைய ரியூட்டரியில், அந்தத் தனியார் வகுப்பில், எந்தக் குறையும் காணாமல் படிப்பித்தாள். சாவகச்சேரிச் சந்தைக்குப் பின்னால் மூன்று கிடுகுக் கொட்டில்கள். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஆங்கிலம் அவளுடையது. அரசாங்க நியமனம் இன்று வரும் நாளை வரும் என்று இருந்து முப்பத்தொரு வயதாகிவிட்டது.

அந்த வைகாசியில் வடமராட்சியில் நடந்த சண்டையில் கரையோரச் சனம் உடுத்த துணியோடு ஓடிவந்தது. ஆடி முடிவில் இந்திய இலங்கை ஒப்பந்தம் வந்து வெடிச்சத்தம் ஓய்ந்ததும் பலர் திரும்பிப் போனார்கள். வீடும் வள்ளமும் எரிந்தவர்கள் எங்கே போவது? வல்வெட்டித்துறை நாகேஸ்வரி அப்படி நின்றவள். புருசன் ஊருக்குப் போய் எரிந்த வீட்டுக்குக் கூரை போடப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளும் மகள் குணலட்சுமியும் ஒரு தென்னங்காணியில் கொட்டில் போட்டிருந்தார்கள். குணலட்சுமிக்குப் பதினொரு வயது. அகதிப் பிள்ளைகள் நால்வரை மாஸ்டர் இலவசமாகச் சேர்த்து, அதை வாசல் பலகையிலும் எழுதிவைத்திருந்தார். நால்வரில் இவளும் ஒருத்தி.

பாதை திறந்ததும் வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மாஸ்டரின் பழைய மாணவன் தியாகராசா லண்டனிலிருந்து வந்திருந்தான். நோட்ஸைப் பல பிரதி அடிக்க ஒரு றோணியோ மெசின் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தான். அவன் வரும் நாளில் ஒரு மாதிரி வகுப்பு நடத்த வேண்டும் என்று மாஸ்டர் பத்மாசினியைக் கூப்பிட்டார்.

"ஆறாம் வகுப்புக்கு இப்ப என்ன போகுது?"

"பெயரடை, மாஸ்டர். ஒப்பிட்டுச் சொல்லுறது. பிக், பிக்கர், பிக்கெஸ்ட். மூண்டு வெங்காயம், மூண்டு கத்தரிக்காய் கொண்டுவந்து காட்டலாம் எண்டு நினைச்சனான்."

"வெங்காயம் பாக்கவோ அவன் லண்டனிலையிருந்து வாறான்? பிள்ளையளை நிப்பாட்டும். உயிருள்ள உதாரணம்."

உடனேயே வகுப்புக்குள் வந்தார். அப்போதுதான் பருத்தித்துறை வடை தின்றிருந்தார். விரல்களில் எண்ணெய் மினுங்கியது. பிள்ளைகள் இருந்த வாங்குகளுக்கு இடையில் நடந்து, பிள்ளைகளின் மேல்கையை இரண்டு விரலால் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். சந்தையில் சேவல் வாங்குகிறவன் நெஞ்செலும்பைத் தடவுவதுபோல இருந்தது அது. மூன்று பேரை எழுப்பினார். மூன்று பேரும் அகதிப் பிள்ளைகள். கடைசியாக எழும்பியவள் குணலட்சுமி.

"தின், தின்னர், தின்னெஸ்ட்," என்றார் மாஸ்டர், ஒவ்வொரு தலையையும் தொட்டு. "எப்பிடி ரீச்சர்?"

"மெலிவுதானோ மாஸ்டர் காட்ட வேணும்? கொழுப்புக்கும் காட்டுவமே. ஃபற், ஃபற்றர்..."

"அது வேண்டாம். கடைக்காரத் தம்பிராசாவின்ரை பெடியனைத்தான் நிப்பாட்ட வேணும். அவர் கோவிப்பார்."

பத்மாசினி அதற்கு மேல் கதைக்கவில்லை. பிறகு எத்தனையோ நாள் யோசித்துப் பார்த்தாள்: அந்த இடத்தில் ஏன் வாய் மூடினாள்? பயமென்றுகூடச் சொல்ல முடியாது. பழக்கம்.

மூன்று நாள் அவள் குணலட்சுமியைப் பழக்கினாள். 'ஐ ஆம் த தின்னெஸ்ட் கேர்ல் இன் த கிளாஸ்.' நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்துக் காற்றை விட வேண்டும் என்று காட்டிக்கொடுத்தாள். பெண் கெட்டிக்காரி. கொட்டிலுக்குப் போயும் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கினாள். இரண்டாம் நாள் நாகேஸ்வரி தண்ணிக் குடத்தோடு வழியில் பத்மாசினியைக் கண்டு நின்றாள்.

"ரீச்சர், பிள்ளை விடியத் தொடக்கம் தின், தின் எண்டு நிக்கிறாள். சாப்பாட்டுப் பாடமோ?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். பத்மாசினியும் சிரித்தாள். "இல்லை, அது வேறை ஒரு சொல்லு," என்றாள். என்ன சொல் என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை தியாகராசா வந்தான். வெள்ளைச் சப்பாத்து, கழுத்தில் தொங்கும் கமரா, ஆள் வருமுன்னே வரும் வாசனை. கெட்டவனாகத் தெரியவில்லை. பிள்ளைகளுக்கு ரொபி இனிப்புக் கொண்டுவந்திருந்தான். மேசையில் அவனுக்கென்று ரோல்ஸும் வடையும் கோப்பியும் வைத்திருந்தார்கள். அந்த மேசைக்கு நேர் முன்னால் மூன்று பிள்ளைகளும் நிறுத்தப்பட்டார்கள்.

முதல் பிள்ளை சொன்னது. இரண்டாவது திக்கியது. குணலட்சுமி நெஞ்சை நிமிர்த்தி, நாக்கைப் பல்லில் வைத்து, ஒரு பிழையுமில்லாமல் உரத்துச் சொன்னாள். தானே அந்த வகுப்பில் எல்லாரிலும் மெலிந்தவள் என்று. வந்திருந்த, காசு கட்டும் பிள்ளைகளின் பெற்றோர் கைதட்டினார்கள். பிள்ளையின் முகம் பூரித்துப்போயிற்று.

"எக்ஸலன்ட்!" என்று தியாகராசா எழும்பினான். "எங்கடை சங்கத்தின்ரை இதழிலை போடலாம். ஒருக்கால் கிட்ட வாங்கோ, தங்கச்சி."

மாஸ்டர் முந்திக்கொண்டு போய்ப் பெண்ணின் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டார். கையைத் தூக்கிப் பிடித்து, வெளிச்சம் படும்படி திருப்பினார். குணலட்சுமி கமராவைப் பார்த்துச் சிரித்தாள்.

"சிரியாதை பிள்ளை," என்றார் மாஸ்டர்.

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. கமராவுக்கு முன்னால் யார்தான் சிரிக்காமல் நிற்பார்கள்?

"சிரியாதை எண்டெல்லே சொன்னனான்!"

சிரிப்பு நின்றது. கமரா இரண்டு தரம் சொடுக்கியது. பத்மாசினியின் கையில் யாரோ திணித்த ரோல் பாதி கடித்தபடி இருந்தது. வாயில் இருந்த இறைச்சியும் உருளைக்கிழங்கும் சவக்காரம்போல ஆயிற்று. கொட்டிலுக்குப் பின்னால் போய்த் துப்பினாள். கிணற்றில் அள்ளி மூன்று தரம் கொப்பளித்தாள். எண்ணெய் போனது, அருவருப்பு போகவில்லை. அது மாஸ்டரின் மேல் மட்டும் என்றால் கொப்பளிக்கத் தேவையில்லையே.

திங்கட்கிழமை வகுப்பு தொடங்குமுன் நாகேஸ்வரி வந்தாள். தலை வாரவில்லை.

"தின்னெஸ்ட் எண்டால் என்ன, ரீச்சர்?"

பத்மாசினி கையிலிருந்த வெண்கட்டியைக் கீழே வைத்தாள்.

"கிணத்தடியிலை பெடியள் கூப்பிடுறாங்கள், தின்ன இல்லாத தின்னெஸ்ட் எண்டு. ஒருத்தனைப் பிடிச்சுக் கேட்டன். சொன்னான். நீங்களோ பிள்ளைக்கு உதைச் சொல்லிக் குடுத்தனீங்கள்?"

மாஸ்டர் அடுத்த கொட்டிலில் இருந்தார். கையைக் காட்டியிருக்கலாம்.

"ஓம்," என்றாள் பத்மாசினி. "நான்தான்."

"பிள்ளை பாடமாக்கேக்கை பக்கத்திலை இருந்து கேட்டனான். இங்கிலீசு கதைக்கிறாள் எண்டு சந்தோசப்பட்டனான்." நாகேஸ்வரியின் குரல் உயரவேயில்லை. "எங்கடை மனுசன் ஆழ்கடலுக்குப் போய் மீன் கொண்டுவந்தவர். நாங்கள் ஊருக்குக் குடுத்துத் திண்ட ஆக்கள். அந்தப் படம் லண்டனுக்குப் போகப்படாது. போச்செண்டால் நான் உங்களை விடமாட்டன்."

பத்மாசினி மாஸ்டரிடம் போனாள். அவர் கரும்பலகை துடைத்துக்கொண்டிருந்தார்.

"உதாரணம்தானே ரீச்சர். உள்ளதைத்தானே சொன்னது. பிள்ளை மெலிவில்லையோ? மெசின் வந்தால் ஆருக்கு லாபம்? அதுகளுக்கும்தானே நோட்ஸ்."

"உங்கடை மகளை உப்பிடி நிப்பாட்டிக் கையைச் சுருட்டுவியளோ?"

"என்ரை மகளையும் கடற்கரைச் சனத்தையும் ஒப்பிடாதையும்," என்றார் அவர். கோபப்படாமல், ஒரு இலக்கணப் பிழையைத் திருத்துவதுபோலச் சொன்னார்.

அவள் வகுப்புக்குப் போகவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே தியாகராசா தங்கியிருந்த தமக்கை வீட்டுக்குப் போனாள். அவன் விறாந்தையில் இருந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தான். கமரா பக்கத்து ஸ்டூலில் இருந்தது.

"அந்தப் பிள்ளையின்ரை படத்தைப் போட வேண்டாம். தாய்க்கு விருப்பமில்லை," என்றாள்.

"விளங்குது மிஸ். ஆனால் அங்கையுள்ள ஆக்களுக்குக் கண்ணாலை பாத்தால்தான் மனம் இரங்கும். நல்லதுக்குத்தானே. பேரைப் போடாமல் விடுறன்."

"பேர் இல்லாட்டி அது ஆர்? எலும்போ?"

அவன் நெளிந்தான். "அந்தப் பிலிமிலை அக்காவின்ரை மகளின்ரை சாமத்தியச் சடங்குப் படமும் கிடக்கு. லண்டனிலை கழுவின பிறகு அந்தப் படத்தை நான் எடுத்து..."

அவன் சொல்லி முடிக்கவில்லை. பத்மாசினி கமராவைத் தூக்கி, பின்மூடியை நகத்தால் நெம்பித் திறந்து, சுருளை இழுத்தாள். காலை வெயிலில் கபிலநிறப் பிலிம் பாம்புச் சட்டைபோல நீண்டு நிலத்தில் விழுந்தது. உள்ளேயிருந்து தமக்கை ஓடிவந்து, நடந்ததைக் கண்டதும் தலையில் அடித்துக் கத்தினாள். ஒரு சிறுமியின் பூப்புச் சடங்குப் படங்கள் எல்லாம் அதோடு போயிற்று. தியாகராசா ஏசவில்லை. விழுந்த பிலிமைப் பார்த்தபடியே நின்றான்.

பின்னேரத்துக்குள் சாவகச்சேரி முழுக்கத் தெரிந்துவிட்டது. பத்மாசினிக்கு விசர், புத்தி பேதலித்துவிட்டது என்று சிலர் சொன்னார்கள். மெசின் வரவில்லை. மாஸ்டர் ஆள் விட்டு அவளுடைய குடையையும் புத்தகங்களையும் வீட்டுக்கு அனுப்பினார். இனி வர வேண்டாம் என்று அதற்கு அர்த்தம்.

அடுத்த நாள் அவள் தென்னங்காணிக்குப் போனாள். நாகேஸ்வரி பாயையும் சட்டிகளையும் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். கூரை போட்டாயிற்று, வியாழக்கிழமை லொறியில் ஊருக்குப் போகிறார்கள்.

"படம் போகாது. பிலிமை அழிச்சுப்போட்டன்," என்றாள் பத்மாசினி.

"கேள்விப்பட்டன்."

அவ்வளவுதான் சொன்னாள். இருக்கவும் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. சாக்கின் வாயைக் கயிற்றால் இறுக்கினாள். பத்மாசினி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். வந்த சொற்கள் எல்லாம் தனக்கே எண்ணெய் பிடித்தவைபோலத் தெரிந்தன, விழுங்கிவிட்டாள்.

குணலட்சுமி கொட்டிலுக்குள்ளிருந்து வந்து தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப என்ரை படம் வராதோ, ரீச்சர்?"

"வராது, பிள்ளை."

பெண்ணின் உதடு பிதுங்கியது. "வீட்டிலை இருந்த படமெல்லாம் எரிஞ்சுபோச்சு. நான் சின்னனிலை எப்பிடி இருந்தனான் எண்டு ஒரு படமும் இல்லை. இதுவெண்டாலும் வரும் எண்டு அப்பாட்டைச் சொல்லிவிட்டனான். இனி ஆர் என்னைப் படம் எடுக்கிறது, ரீச்சர்?"

நாகேஸ்வரி கயிற்றை விட்டுவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பினாள். பத்மாசினி சைக்கிள் கைபிடியைப் பிடித்தபடி நின்றாள். குணலட்சுமி பதிலுக்காக அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.