பாட்டுக் கேட்டால் நிற்காத ஸ்டாண்டு

வேலாங்காட்டில் வியாழக்கிழமை மாட்டுச் சந்தை. மறுநாள் அதே முளைகளில் மோட்டார்சைக்கிள் ஸ்டாண்டுகளைக் கட்டி விற்பார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை கோகிலவாணி சந்தைக்குப் போக வேண்டியதாயிற்று. காலையில் அவளும் கணவன் துரைசாமியும் வாசலில் வண்டிக்குச் செயின் மாற்ற உட்கார்ந்தார்கள். பின்சக்கரத்தைக் கழற்றி எடுத்த நேரம் பார்த்து வண்டியின் நடு ஸ்டாண்டு மளுக்கென்று முறிந்தது. துரைசாமி பாய்ந்து பின்பக்கத்தைத் தாங்கிப் பிடித்தான். பிடித்தது பிடித்ததுதான். கீழே விட்டால் மட்கார்டு நசுங்கிவிடும். செங்கல்லை அண்டக் கொடுக்கலாம் என்றால், வேலாங்காட்டுச் செங்கல்கள் வீட்டைத் தவிர வேறெதையும் தாங்குவதில்லை.

"அம்மிணி, பொழுது சாயறதுக்குள்ள எனக்கு ரெண்டு கையும் வேணும்" என்றான்.

அன்று மாலை கோயில் திடலில் வள்ளி கும்மி அரங்கேற்றம். துரைசாமி நான்கு மாதமாகப் பழகிக்கொண்டிருந்தான். முதல் மாதம் எல்லோரும் வலப்பக்கம் திரும்பினால் இவன் இடப்பக்கம் திரும்பி யார் மேலாவது மோதுவான். இப்போதுதான் கால் சொன்ன பேச்சைக் கேட்கிறது. ஆசிரியர் முன்வரிசையில் இடம் கொடுத்திருந்தார். கை தட்டாமல் என்ன கும்மி?

கோகிலவாணி தையல்காரி. ஊர் ஊராகப் போய் ரவிக்கைத் துணி வாங்கி வந்து தைத்துக் கொடுப்பதற்குத்தான் அந்த வண்டி. பக்கத்து வீட்டுச் சாவித்திரியைக் கூப்பிட்டு, அவனுக்குக் கம்மங்கூழ் ஊட்டச் சொல்லிவிட்டுச் சுருக்குப் பையோடு கிளம்பினாள்.

சந்தை முகப்பில், எண்ணெய் அழுத்தத்தில் ஏறி இறங்கும் பெரிய ஸ்டாண்டுகள் வேப்பமர நிழலில் நின்றன. நெற்றியில் சந்தனம். ஒரு ஆள் விசிறிக்கொண்டிருந்தான். அவள் விலை கேட்கவே இல்லை. வாங்கினால் அந்த விசிறிக்காரனுக்கும் சோறு போட வேண்டியிருக்கும்.

தரகர் ராசு தோளில் துண்டோடு வந்து சேர்ந்துகொண்டார். அவரே ஒரு சிவப்பு ஸ்டாண்டைக் காட்டினார். இளசு. பெயின்ட் பளபளத்தது. கோகிலவாணி கிட்டே போனதும் பின்னங்காலால் ஒரு உதை விட்டது.

"இது பந்தய வண்டிக்கு ஆகுமுங்க. குடும்பத்துக்கு ஆகாது" என்று ராசுவே அவளை நகர்த்திக்கொண்டு போனார். அடுத்ததன் வாயைத் திறந்து ரப்பரைப் பார்த்தார், தேய்ந்திருந்தது. இன்னொன்றில் பற்றவைத்த இடத்தில் சுழி கீழ்நோக்கி இருந்தது. அது புகுந்த வீட்டில் ஆணி எல்லாம் தானாகக் கழன்றுகொள்ளும் என்றார்.

வெயில் ஏறிக்கொண்டே போனது. துரைசாமியின் கைகளை நினைத்து அவள் நடையை எட்டிப் போட்டாள். அப்போதுதான் கடைசி முளையில் கட்டியிருந்த சாம்பல் நிற ஸ்டாண்டைப் பார்த்தாள். குட்டையானாலும் அகலமான கால்கள். துரு இல்லை. அவள் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். ஆடாமல் அசையாமல் தாங்கியது.

ராசு விலை பேசத் துண்டை விரித்தார். துண்டுக்குள் ஸ்டாண்டுக்காரி மயிலாத்தாளும் அவரும் விரல்களைப் பிடித்துக்கொண்டார்கள். முதல் பிடியிலேயே ராசு தலையாட்டினார். சுருக்குப் பையில் இருப்பதற்குள் அடங்குகிற விலை.

"இத்தனை சல்லிசா ஏனுங்க்கா குடுக்கறீங்க?" என்று கோகிலவாணி கேட்டாள்.

"ஒரே ஒரு குறை கண்ணு. பாட்டுக் கேட்டா நிக்காது."

"ஸ்டாண்டு நிக்காட்டி எப்படீங்க்கா?"

"நிக்காதுன்னுதான் சொன்னேன். கீழ போடும்னு சொல்லுல" என்றாள் மயிலாத்தாள்.

கோகிலவாணி யோசித்தாள். திடல் ஊருக்குக் கிழக்கே. காற்றோ மேற்கிலிருந்து அடிக்கிறது. பாட்டு வீடுவரை வராது. கயிற்றை வாங்கிக்கொண்டாள்.

டீக்கடை இருக்கும் வீதியைத் தவிர்த்துச் சந்து சந்தாக நடத்திக் கூட்டி வந்தாள். ஸ்டாண்டு நல்ல பிள்ளையாகக் கூடவே வந்தது. வாசலை நெருங்கியபோது மட்டும் கயிற்றை இழுத்துக்கொண்டு துள்ளியது. உள்ளே துரைசாமி வண்டியைத் தாங்கியபடியே கும்மிப் பாட்டை முனகி, காலால் அடி வைத்துப் பழகிக்கொண்டிருந்தான்.

"மாமா, பாடாதீங்க!"

அவன் வாயை மூடினான். ஸ்டாண்டு வண்டிக்கு அடியில் புகுந்து நிமிர்ந்தது. பாரம் கை மாறியது. துரைசாமியின் கைகள் மட்டும் வண்டியைப் பிடித்த கோலத்திலேயே நின்றுவிட்டன. அவள் தேங்காய் எண்ணெய் தேய்த்து உருவிவிட, ஒவ்வொரு விரலாக இறங்கி வந்தது. ஒருமுறை தட்டிப் பார்த்தான். சத்தம் நன்றாக வந்தது. சிரித்துக்கொண்டே வேட்டி மாற்றி ஓடினான்.

அவள் புதுச் செயினைப் போட்டுச் சக்கரத்தை மாட்டினாள். கடைசி நட்டை முறுக்குகிற நேரத்தில் காற்று திசை மாறியது. திடலிலிருந்து பம்பை ஒலியும் ஆசிரியரின் குரலும் தெளிவாக வந்து இறங்கின.

ஸ்டாண்டு ஒரு காலைத் தூக்கியது. பிறகு மறுகாலை. கோகிலவாணி ஸ்பேனரோடு பின்வாங்கி நின்று பார்த்தாள். கீழே கால்கள் நான்கும் மாறி மாறி அடி வைத்தன. மேலே வண்டி, தட்டில் வைத்த விளக்குப் போல அலுங்காமல் இருந்தது. இறக்கிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். இவ்வளவு ஒழுங்காக ஆடுகிறதைத் தடுக்க மனம் வரவில்லை. கேட்டைத் திறந்துவிட்டாள்.

திடலில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் துரைசாமி எல்லோரோடும் சேர்ந்து வலப்பக்கமே திரும்பினான். அவன் தட்டுவது தனியாகக் கணீரென்று கேட்டது. ஸ்டாண்டு வண்டியைச் சுமந்தபடி போனதும் ஆட்கள் சற்று நெருங்கி இடம் விட்டார்கள்.

"சாம்பல் கலரு, கோட்டுல வாங்க!" என்று ஆசிரியர் மைக்கில் சொன்னார். ஸ்டாண்டு கோட்டுக்கு வந்தது. கிரீஸ் அப்பிய கையைப் பாவாடை ஓரத்தில் துடைத்துக்கொண்டு கோகிலவாணியும் உள்ளே இறங்கினாள். அடி தெரியாததால் முன்னால் போன ஸ்டாண்டின் காலைப் பார்த்தே ஆடினாள். மூச்சு வாங்கியது. சிரிப்பு அடங்கவில்லை. துரைசாமி எதிரே வந்த சுற்றில் அவளைப் பார்த்துக் கண் சிமிட்டியும் தாளம் தப்பவில்லை.

ஆட்டம் முடிந்து, விளக்கு வைக்கும் நேரத்துக்கு மூவரும் திரும்பி வந்தார்கள். வீடு இல்லை. படியும் வாசலும் மட்டும் இருந்தன.

சாவித்திரி மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "வெள்ளிக்கிழமையாச்சே, வீடு தலைக்கு ஊத்திக்க வாய்க்காலுக்குப் போயிருக்குதுங்க்கா. இப்ப வந்துரும்."

"துண்டு எடுத்துட்டுப் போச்சா?" என்று கோகிலவாணி கேட்டாள்.

"எடுத்துட்டுத்தான் போச்சு."

துரைசாமி படியில் உட்கார்ந்து காலை நீட்டினான். ஓடெல்லாம் ஈரமாக வரும், காய நேரமாகும் என்று கோகிலவாணி சாவித்திரியிடம் கரி வாங்கிச் சாம்பிராணிக்குக் கனல் மூட்டத் தொடங்கினாள்.