மூன்றாம் எண் கருவி

அந்த இரண்டு மாதமும் சனிக்கிழமை தவறாமல் வெண்டலின் எங்கள் வீட்டுக்குப் பாலாடைக்கட்டி கொண்டுவந்தான். பள்ளத்தாக்கின் பால்பண்ணையில் அவனுக்கு வேலை. வலது கை சரியாக வேலை செய்யாததால் பொட்டலத்தை இடது கையில் பிடித்தபடி, "என் உசுரைக் காப்பாத்தினவனுக்கு" என்று சொல்லி என் மனைவியிடம் கொடுப்பான். எனக்கு அது தொண்டையில் இறங்கவே இல்லை. ரகசியமாக நாய்க்குப் போட்டேன். நாய் நன்றாகக் கொழுத்துவிட்டது.

நான் காசியன். எங்கள் டிரோல் பள்ளத்தாக்கில் பஸ் ஓட்டுகிறேன். மூன்று வயதிலேயே பனிச்சறுக்குப் பலகையில் நின்றவன்தான், ஆனால் கம்பியில் தொங்கும் லிஃப்ட் மேலே ஏற்றிவிட்டால் இறங்கத் தெரியும், அவ்வளவுதான். பலகை வழுக்காமல் இருக்க அடியில் தோல்பட்டை ஒட்டிக்கொண்டு, சொந்தக் காலில் மலையேறி, ஆள் நடமாட்டமில்லாத சரிவில் இறங்குகிறார்களே, அது நாற்பத்து நாலு வயதுவரை எனக்கு வாய்க்கவில்லை. போன மாசி மாதக் குளிரில் மலையேறுவோர் சங்கம் புதிதாகக் கற்பவர்களுக்கு மூன்று நாள் பயிற்சி வைத்தது. வெண்டலின்தான் என்னையும் இழுத்துக்கொண்டு போனான். மூன்றாவது ஆள் மருந்துக்கடை ரோசினா. சொல்லிக்கொடுத்தவள் பூர்கி, இருபத்தாறு வருடமாக மலை வழிகாட்டி, சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிப்பவள். மேலே மலைக்குடிலுக்குப் போய்விட்டால் எங்கள் ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் 'நீ'தான். டாக்டரும் நீ, மேயரும் நீ.

ஏறுவது இறங்குவது எல்லாவற்றையும் விட, புதைந்தவனைத் தேடுவதைத்தான் பூர்கி எங்களுக்கு அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்தாள். ஆளுக்கொரு கருவி மார்பில் கட்டியிருக்கும். நடக்கும்போது அது விடாமல் சமிக்ஞை விடும் 'அனுப்பு' நிலையில் இருக்க வேண்டும். பனிச்சரிவு ஒருவனை விழுங்கிவிட்டால் மற்றவர்கள் எல்லாரும் 'தேடு' நிலைக்கு மாற்றி, கருவி காட்டும் தூரத்தின் எண் குறையக் குறைய நெருங்கிப் போய், நீளக் கம்பியால் குத்திப் பார்த்துத் தோண்ட வேண்டும். முதல் பத்து நிமிடம்தான் உங்கள் கையில், அதற்குப் பிறகு ஒவ்வொரு நிமிடமும் கடவுள் கையில் என்றாள்.

பழகுவதற்குத் தனியாக ஒரு கருவி வைத்திருந்தாள். முதுகில் நகச்சாயத்தால் '3' என்று எழுதியிருக்கும். அதைப் பனியில் புதைத்து வைப்பாள், நாங்கள் தேட வேண்டும். கடைசியாகக் கண்டுபிடிப்பவன் அன்று குடிலில் எல்லாருடைய தட்டையும் கழுவ வேண்டும். இரண்டு நாளும் நான்தான் கழுவினேன். வெண்டலின் சும்மா இருப்பானா?

"டேய் காசியா, அங்கே பஸ் ஸ்டாப் பலகை நட்டுருக்கும், அதைப் பாத்துத் தேடுடா" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினான். ரோசினாகூடச் சிரித்தாள். எனக்கு உள்ளுக்குள் எரிந்தது.

மூன்றாம் நாள் காலை புதைக்கும் முறை எனக்கு வந்தது. குடிலுக்குப் பின்னால் போனேன், குழி தோண்டி மூடினேன். ஆனால் கருவியைக் குழியில் வைக்கவில்லை. அணைக்காமல், உயிரோடு அப்படியே என் முதுகுப்பையின் மேல் அறைக்குள் போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாதவன் போல நின்றேன். வெண்டலின் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தான், நான் நகர்ந்தால் அவனும் நகர்ந்தான். மதியச் சாப்பாட்டின்போது பையைத் திறந்து காட்டி, அவன் முகம் போகும் போக்கைப் பார்க்கலாம் என்பது என் திட்டம். நாற்பத்து நாலு வயதுக் கழுதைக்கு அப்படி ஒரு ஆசை.

வெயில் சீக்கிரம் ஏறியதால் பூர்கி பயிற்சியைப் பாதியில் நிறுத்தினாள். பனி இளகுவதற்குள் மேலே போய்த் திரும்ப வேண்டும்.

"மூணாம் நம்பரை எடுத்தாச்சா? அணைச்சாச்சா?" என்று கேட்டாள்.

"ஆச்சு" என்றேன்.

எடுத்தது உண்மை. அணைப்பதென்றால் வெண்டலின் கண் முன்னால் பையைத் திறக்க வேண்டும், விளையாட்டுக் கெட்டுவிடும். கிளம்பும்போது ஒவ்வொருவராகத் தன்னைக் கடந்து போகச் சொல்லி, எங்கள் கருவிகள் ஒலிக்கின்றனவா என்று சோதித்தாள். என்னிடமிருந்து ஒலி வந்தது. ஒன்று பாடினால் என்ன, இரண்டு பாடினால் என்ன, அவளுக்கு எப்படித் தெரியும்? மூன்று மணி நேரம் ஏறினோம். மூச்சு வாங்கியதில் நானே அதை மறந்துவிட்டேன்.

இறங்கும்போது ஒரு செங்குத்துச் சரிவு. ஒருவர் முழுவதும் இறங்கி முடித்த பிறகுதான் அடுத்தவர். பூர்கி முதலில் இறங்கிப் பாறை ஓரமாக நின்று கை காட்டினாள். வெண்டலின் இறங்கினான். நடுச்சரிவில் அவன் திரும்பிய இடத்துக்கு மேலே பனி ஒரு கோடு போட்டாற்போல் கிழிந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. சரிவு முழுவதும் நகர்ந்தது, அடங்கியது. வெண்டலின் இல்லை.

பூர்கி எல்லாரையும் 'தேடு'க்கு மாற்றச் சொல்லிக் கத்தினாள். மாற்றினேன். நானும் ரோசினாவும் மேலிருந்து வந்தோம், பூர்கி கீழிருந்து ஏறி வந்தாள். என் கருவி உடனே ஒலித்தது. அரை மீட்டர். நான் என் காலடியைப் பார்த்தேன்.

"இங்கே! இங்கே இருக்கான்!"

பையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து மண்வாரியை எடுத்தேன். பூர்கி வந்தாள். அவள் கருவியும் அங்கேதான் காட்டியது. கம்பியைக் குத்தினாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. ஒரு சாண் தள்ளிக் குத்தினாள், சுற்றிச் சுற்றிக் குத்தினாள். ரோசினா மீட்புப் படைக்கு ஃபோன் செய்தபடியே அழுதாள். நான் வெறி பிடித்தவன் போலத் தோண்டினேன். பூர்கி இடைஞ்சலாக இருந்த என் பையை எடுத்து அப்பால் வீசினாள். என் கருவியில் அரை மீட்டர் இரண்டரை மீட்டர் ஆனது.

அப்போதுதான் புரிந்தது. திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் நின்றேன். எதையோ எடுப்பவன் போலப் பையிடம் போய், மேல் அறைக்குள் கை விட்டு, மூன்றாம் எண்ணை அணைத்தேன். என் கருவி ஒரு கணம் அடங்கி, பிறகு புது அம்புக்குறி காட்டியது. இருபத்து நாலு மீட்டர். இடது பக்கம், மேலே.

ஓடினேன். கம்பி முதல் குத்திலேயே அவன் தோளில் பட்டது. வெளியே எடுத்தபோது பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது. உதடு நீலமாக இருந்தது. பூர்கி வாயோடு வாய் வைத்து ஊதினாள், மூச்சு திரும்பியது. அந்தப் பதினைந்தில் நாலு நிமிடம் என் பைக்கு அடியில் தோண்டியதில் போனது.

அவன் பிழைத்தான். ஆனால் மூளைக்குக் காற்றுப் போகாத கடைசிச் சில நிமிடங்கள் வலது கை விரல்களின் அசைவைக் கொண்டுபோய்விட்டன என்றார் டாக்டர். வெண்டலின் ஊர் பாண்டு வாத்தியக் குழுவில் கட்டை வைத்த பித்தளைக் கொம்பு வாசிப்பவன். கட்டைகளை அழுத்துவது வலது கை. ஊரில் என்னை வீரன் என்றார்கள், பூர்கியைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம். மூன்றாம் எண்ணை யாரும் தேடவில்லை. அது என் காலுறை இழுப்பறையில் கிடந்தது. காலுறை எடுக்கும்போதெல்லாம் கை கூசியது.

சித்திரையில் சங்கத்து விசாரணை, தீயணைப்பு நிலையத்து மாடியில். அன்று காலை கருவியைக் கோட்டுப் பையில் எடுத்து வைத்தேன். சொல்லிவிடத்தான் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன், போய் உட்கார்ந்ததும் சொல்லாமல் திரும்பிவிடலாம் என்றும் நினைத்தேன். பூர்கி எழுந்து நின்று சுருக்கமாகப் பேசினாள். கற்றுக்கொள்ள வந்தவன் கத்தியதை நம்பித் தான் அங்கே நின்றிருக்கக் கூடாது, தன் ஃபோன் பக்கத்தில் இருந்ததால் தன் கருவியும் குழம்பியிருக்கலாம், பொறுப்பு தன்னுடையது. சட்டையிலிருந்து வழிகாட்டிச் சின்னத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

பயிற்சிக்கருவி ஏதாவது உயிரோடு இருந்திருக்குமோ என்று தலைவர் சந்தேகம் கேட்டார்.

"இல்ல. அதை நான் கேட்டேன். அணைச்சாச்சுன்னு காசியன் சொன்னான்" என்றாள் பூர்கி. "அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

என்னால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. எழுந்து, கருவியை எடுத்து, அவள் சின்னத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"அணைக்கல" என்றேன். "என் பையில இருந்துச்சு. வெண்டலினைக் கேலி பண்ணலாம்னு வெச்சிருந்தேன். நாம தோண்டினது அதைத்தான்."

பூர்கி நகச்சாய எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப அணைச்சே?"

"நீ பையைத் தூக்கி வீசினதுக்கு அப்புறம்."

"ரெண்டு மாசமா நான் அந்தச் சரிவைப் படம் வரைஞ்சு வரைஞ்சு பாக்குறேன், காசியா. எங்க தப்புப் பண்ணேன்னு. ஒரு நோட்டு முழுசும் தீந்துபோச்சு." சின்னத்தை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பின்வரிசையில் இருந்த வெண்டலின் எழுந்தான். இப்போதெல்லாம் அவன் மெதுவாகத்தான் பேசுகிறான்.

"நான் கீழே கிடந்தப்போ, எல்லாரும் உன்னைத் தேடிட்டு இருந்தீங்க."

"ஆமா" என்றேன்.

அவன் இடது கையால் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு கதவைத் திறந்து போய்விட்டான். என் பெயரைச் சங்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அது ஒன்றும் பெரிதில்லை. சனிக்கிழமைப் பொட்டலம் நின்றது, நாய் இளைத்தது. அது மூன்று சனிக்கிழமை வாசலில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பிறகு விட்டுவிட்டது.

வெண்டலினால் இப்போது கார் ஓட்ட முடியாது. பால்பண்ணைக்கு ஆறே கால் பஸ்ஸில்தான் போகிறான், என் பஸ்ஸில். விசாரணைக்கு முன்புவரை ஏறியதும் என் தோளில் ஒன்று போட்டு, எனக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்து, பண்ணை வரும்வரை நான் ஓட்டும் விதத்தைக் கிண்டல் செய்வான். பாஸ் இருக்கிறதா என்று அவனிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது ஏறும்போதே அதை இடது கையில் நீட்டிக் காட்டுகிறான். நான் பார்த்துத் தலையசைக்கும்வரை நிற்கிறான். பிறகு கடைசி வரிசைக்குப் போய்விடுகிறான்.

அங்கே உட்கார்ந்து வலது கையை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, கொம்பின் கட்டைகளை அழுத்துவதுபோல் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கிறான். முதல் விரல் போகிறது. இரண்டாவது பாதி போகிறது. மூன்றாவது அசைவதே இல்லை. பண்ணை வரும்வரை இருபது நிமிடம், கண்ணாடியில் அது எனக்குத் தெரிகிறது.