தலைவர் வீட்டுக் கதவு

சுந்தரி பல வருடமாகக் கட்டுக்கலைப் பிள்ளையாரிடம் வைத்த வேண்டுதல் ஒன்றே ஒன்றுதான்: இந்த மனுசன் நாடகத்தை விட்டுவிட வேண்டும். பிள்ளையார் ஒருவழியாகக் காது கொடுத்தார். கொடுத்த பிறகுதான் சுந்தரிக்கு அவர்மேல் கோபம் வந்தது.

கஜேந்திரன் கண்டி மாநகரசபையில் கிளார்க். தங்கமான மனிதர்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு தேயிலைத் தோட்டம் தோட்டமாக நாடகம் போடக் கிளம்பிவிடுவார். ஒற்றை ஆள் நாடகம். வீட்டிலோ குளியலறைக் கதவு ஒற்றைக் கீலில் தொங்கிக்கொண்டிருக்கும். "ஊரைத் திருத்தப் போறாராம் ஊரை! வீட்டுக் கதவைத் திருத்த நாதியில்ல!" என்று இடுப்பில் கைவைத்துக் கத்தித்தான் அவள் வழியனுப்புவாள். ஒருநாளும் அவர் நாடகத்தைப் பார்க்கப் போனதில்லை. "கூத்தாடிக்கா பொண்ணு குடுக்கிறீங்க?" என்று கல்யாணத்தின்போது சொந்தக்காரர்கள் கேட்டது இன்னும் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

புது நாடகத்துக்கு 'அடிக்கல்' என்று பெயர். அதில் ஒரு தலைவர் வீடு கட்டித் தருவதாகப் போகிற தோட்டத்திலெல்லாம் அடிக்கல் நடுவார். கல் நிற்கும், வீடு வராது. கஜேந்திரன் யார் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் அல்லவா? நாவலப்பிட்டிப் பக்கத்துத் தலைவர் ஒருவருக்குக் குறுகுறுத்துவிட்டது. "நாவலப்பிட்டியில மேடையேறினா, காலோட எறங்கமாட்டே" என்று போன் வந்தது. கஜேந்திரன் துண்டை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டார்.

அதோடு வீடு அடங்கிப்போனது. முகம் வழிக்கும்போது கண்ணாடியோடு வசனம் பேசுகிறவர் வாயே திறக்காமல் வழித்தார். போட்டதைத் தின்றார். சுந்தரி வேண்டுமென்றே ஒருநாள் குழம்பில் உப்புப் போடாமல் பார்த்தாள். அதற்கும் சத்தமில்லை. அவளுக்குப் பொறுக்கவில்லை. கூத்தாடியோடு குடும்பம் நடத்தலாம், கல்லோடு நடத்த முடியாது என்று பிள்ளையாரிடமே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

நாவலப்பிட்டியில் ஞாயிற்றுக்கிழமை நாடகத்துக்கு ஒட்டிய போஸ்டர் இன்னும் கிழிபடாமல் இருந்ததோ என்னவோ, சனிக்கிழமை காலையில் தலைவரின் ஆள் ஒருவன் நேரிலேயே வந்து நின்றான். வாட்டசாட்டமான ஆள். முகத்தை வலிந்து முறைப்பாக வைத்திருந்தான். கஜேந்திரன் அப்போது குளித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அண்ணன்கிட்ட சொல்லி வைங்க. நாளைக்கு அங்க வந்தாருன்னா..."

"சொல்றது இருக்கட்டும். ஒங்களுக்கு எந்தத் தோட்டம்?" என்றாள் சுந்தரி.

அடிக்க வந்தவனாக இருந்தாலும் மலைநாட்டில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. தோட்டத்தைச் சொன்னான். எந்த டிவிசன் என்றாள், எந்த லயத்து வீடு என்றாள், யாரு மகன் என்றாள். பெயர் ரமேஸ், அப்பா சின்னமுத்து.

"மேல்லயத்துச் சின்னமுத்தா? அடப்பாவி! ஒங்க தாத்தாவும் எங்கப்பாவும் சகலைங்கடா! சின்னமுத்து எனக்கு அண்ணன் முறை. நான் ஒனக்கு அத்தை. ஒக்காரு."

ரமேஸ் உட்கார்ந்துவிட்டான். பிளேன்டீ வந்தது, முறுக்கு வந்தது. முறுக்கைக் கடித்த பிறகு முறைப்பாக இருக்க முடியவில்லை.

"மாமா கால ஒடைச்சிட்டு நாளைக்கு ஒன் கல்யாணத்துக்கு யாரக் கூப்புடுவே? அத்தை இல்லாம நலுங்கு வைப்பாங்களா? ஒங்க தலைவருக்குத்தான் என்ன கொறைஞ்சிச்சு? நாலு பேரு சிரிச்சா ஒடம்புல ஓட்டையா விழுந்துரும்?"

"நான் பேசாம போயிருவேன் அத்தை. அவரு வேற ஆள அனுப்புவாரு. அவன் நமக்குச் சொந்தமா இருக்கமாட்டான்."

"நீதான் இருக்கியே. நாளைக்கு வந்து எம்பக்கத்துல நில்லு."

ஒற்றைக் கீல் கதவு முனகித் திறந்தது. ஈரத்தலையோடு கஜேந்திரன் எட்டிப்பார்த்தார். சுந்தரி அலுமாரியைத் திறந்து துண்டை எடுத்து அவர் மேல் வீசினாள். "நாளைக்குப் போறோம்" என்றாள்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் குட்செட் பஸ் நிலையத்தில் ஏறியதிலிருந்து நாவலப்பிட்டி போய்ச் சேரும்வரை ஒரே பாட்டைத்தான் பாடினார். "நீ உள்ள வராத சுந்தரி. வாசல்லயே நில்லு." பெண்சாதிக்கு அடி விழுந்துவிடும் என்று பயப்படுகிறாரே என்று அவளுக்கு உள்ளம் குளிர்ந்தது. சரியென்று தலையாட்டினாள். விளக்கு அணைந்ததும் ரமேசை இழுத்துக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள். புருசன் முன்னால் இருக்க, வாசலைக் காவல் காப்பதற்கு அவளுக்கென்ன பைத்தியமா?

மண்டபம் நிறைந்திருந்தது. பின்னால் தலைவரின் ஆட்கள் நாலைந்து பேர் கைகட்டி நின்றார்கள். துண்டைத் தோளில் போட்டு, வயிற்றைத் தள்ளிக்கொண்டு கஜேந்திரன் தலைவராக வந்தார். கல் நட்டார், கைதட்டச் சொன்னார், போட்டோவுக்கு நின்றார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. இவ்வளவு கெட்டிக்காரரா என்று சுந்தரிக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு துண்டு முக்காடாகத் தலைக்குப் போனது. தலைவரின் பெண்சாதி வந்தாள். ஒரு கை இடுப்பில். மறு கையால் முந்தானை நுனியைப் பிடித்து மூக்கைத் துடைத்தாள். அவள் வாய் திறப்பதற்கு முன்பே மண்டபம் அதிர்ந்தது.

சுந்தரியின் கை அப்போது இடுப்பில் இருந்தது. மறு கையில் முந்தானை இருந்தது. சட்டென்று இரண்டையும் எடுத்துக்கொண்டாள். வாசலில் நிற்கச் சொன்னது இதற்குத்தானா! தலைவராவது ஒரு காலைத்தான் உடைக்கச் சொன்னார், இவருக்கு இரண்டையும் உடைக்க வேண்டும் போலிருந்தது.

ரமேஸ் மெதுவாகக் குனிந்தான். "சிரிச்சா ஒடம்புல ஓட்டையா விழுந்துரும், அத்தை?"

அந்த நேரம் பார்த்து கஜேந்திரனின் கண் முன்வரிசையில் விழுந்தது. அவளைக் கண்டார். வசனம் மறந்துபோனது. துண்டு நழுவித் தோளில் விழுந்தது.

சனம் திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தது. அடியாட்களைக் கண்டு பயந்துவிட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். யாரைக் கண்டு பயந்தார் என்று சுந்தரிக்கு மட்டும் தெரியும். பின்னாலிருந்து விசில் பறந்தது. "முடிஞ்சிச்சா? எறங்குடா கீழே!" என்று ஒருவன் முன்னால் ஆள் உட்கார்ந்திருந்த கதிரையை எட்டி உதைத்தான். கஜேந்திரன் ஒரு அடி பின்னால் வைத்தார். இன்றைக்கு இறங்கினால் இந்த மனுசன் இனி எந்த மேடையிலும் ஏறமாட்டார். உப்பில்லாத சோற்றைப் பேசாமல் தின்கிற அந்தக் கல்லோடுதான் அவள் காலம் தள்ள வேண்டும்.

சுந்தரி எழுந்தாள். இடுப்பில் கைவைத்தாள். தோட்டத்துக் காற்றில் வளர்ந்த தொண்டை, மைக் தேவைப்படவில்லை.

"ஊரைத் திருத்தப் போறாராம் ஊரை! வீட்டுக் கதவைத் திருத்த நாதியில்ல!"

ஒரு நொடி ஒருவருக்கும் புரியவில்லை. பிறகு கூரை பறந்துவிடும் போலச் சிரித்தார்கள். கைகட்டி நின்றவர்களில் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினான். கஜேந்திரன் துண்டை உதறித் தோளில் போட்டார், வயிற்றைத் தள்ளினார். "கதவுக்கும் அடிக்கல் நட்டாச்சு அம்மா! அடுத்த எலெக்சனுக்குள்ள மாட்டிரலாம்!"

திரும்பி வருகிற பஸ் கம்பளை டவுனைத் தாண்டியது. அவர் மெதுவாக, "கோவமா?" என்றார்.

"நான் அப்படியா மூக்கைத் தொடைப்பேன்?"

"கொஞ்சம்... கூட்டிச் செஞ்சேன்."

"கூட்டாதீங்க. உள்ளபடி செய்யுங்க. நான் காட்டித் தர்றேன்."

இன்னும் போன் வருகிறது. சுந்தரிதான் எடுக்கிறாள். "எந்தத் தோட்டம் தம்பி?" என்று கேட்டதும் பாதிப் பேர் வைத்துவிடுகிறார்கள். போன மாதம் ரமேஸ் சுத்தியலும் புதுக் கீலும் கொண்டுவந்து கதவைச் சரிசெய்யப் பார்த்தான். சுந்தரி விடவில்லை. கதவு சரியாகிவிட்டால் மாமா எதை வைத்து நாடகம் போடுவார் என்று கேட்டு, முறுக்கைக் கொடுத்து அவனை அனுப்பிவிட்டாள்.