இருநூற்றுப் பன்னிரண்டு சீட்டுகளும் ஒரே கையெழுத்தும்

1989-இல் மலேசியாவின் சுங்கை வேயில் இருந்த ஒரு மின்விசிறித் தொழிற்சாலைக்கு யாழ்ப்பாணத்துக்காரர் யோகநாதன் மார்க் போட வந்தார். பள்ளிக்கூடத்தோடு மார்க் தொல்லை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தவர்களுக்கு இது புதுசு. ஒரு கம்பெனியில் புது யோசனை யாரிடம் பிறக்கிறது, யார் காதுக்குப் போகிறது, எத்தனை நாளில் சோதிக்கிறார்கள், தோற்றால் என்ன செய்கிறார்கள் என்று நூற்றுக்கு அளப்பதுதான் அவர் வேலை. முதலாளிக்கு இன்னொரு தொழிற்சாலை பூச்சோங்கில் இருந்தது. இரண்டில் எது அதிக மார்க் வாங்குகிறதோ அங்கேதான் புதிய பிரிவு, அறுபது பேருக்கு வேலை. பூச்சோங் எழுபத்தொன்று வாங்கிவிட்டு மீசையை முறுக்கிக்கொண்டிருந்தது.

மத்தியானத்துக்குள் சுங்கை வே நாற்பத்தெட்டு எடுத்திருந்தது. பாக்கி, தொழிலாளிகள் யோசனை எழுதிப் போடும் யோசனைப் பெட்டி மட்டும்தான். அதற்கு முப்பது மார்க்.

பெட்டியைத் திறந்து சீட்டுகளை மேசையில் பரப்பிய யோகநாதன், பத்தாவது சீட்டில் நெற்றியைச் சுருக்கினார்; மிச்சத்தையும் எண்ணிப் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மிஸ்டர் சாத்தப்பன், இருநூற்றுப் பன்னிரண்டு சீட்டு. எல்லாம் ஒரே கையெழுத்து. ஒராளை இருத்தி எழுதுவிச்சனியளோ?"

மேனேஜர் சாத்தப்பனுக்கு வேர்த்துவிட்டது. மூன்றாவது லைனின் சூப்பர்வைசர் தனலெட்சுமியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நான்தான் சார் எழுதினேன்," என்றாள் அவள்.

"அப்ப பூச்சியம்தான் போடவேணும்."

தனலெட்சுமிக்குச் சுருக்கென்றது. சீட்டை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்பது கம்பெனி உத்தரவு. லைனில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் வராது, சிலருக்கு எந்த எழுத்தும் வராது. இரண்டு வருடமாக அவர்கள் சொல்லச் சொல்ல, ஒரு கையில் சோறும் மறு கையில் பேனாவுமாக எழுதியவள் அவள். அவளுக்குப் பித்தலாட்டக்காரி என்று பெயரா? கோபத்தில் பயம் போன இடம் தெரியவில்லை.

"கையெழுத்து என்னுது சார். மூளை அவங்களோடது. நீங்களே சில சீட்டை உருவுங்க, யோசனை யாருதுன்னு அதுல பேர் இருக்கு, லைன்ல போய் அந்தந்த ஆளைக் கேளுங்க லா. நான் இங்கயே நிக்கிறேன், வாயத் திறக்க மாட்டேன்."

யோகநாதன் கண்ணை மூடிக்கொண்டு ஆறு சீட்டுகளை உருவி, அவற்றோடு லைனுக்குப் போனார்.

தனலெட்சுமி கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். ஒரு சத்தமும் கேட்கவில்லை. முதல் சீட்டுக்காரி ரொஹானி திருகு டப்பாவைக் காட்டிக் கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். அது நல்லது. அடுத்து இராஜம்மா. அவரோ சீட்டைப் பார்த்ததும் இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினார். தனலெட்சுமி கண்ணாடியோடு ஒட்டி நின்றாள். போச்சு, அக்கா மறந்துவிட்டார், அறுபது வேலையும் போச்சு.

யோகநாதன் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"மற்ற அஞ்சு பேரும் தங்கட யோசனையைச் சரியாச் சொல்லிச்சினம். இராஜம்மா தன்ர யோசனை சரிவரேல்ல எண்டு சொல்லுறா. கிரீஸ் பிரஷ்ஷை மேல கட்டித் தொங்கவிட்டவையாம். மூண்டு நாளில விசிறி இறக்கையெல்லாம் கிரீஸ் சொட்டிப் போச்சாம்."

"ஆமா சார்."

"ஏன் தோத்தது எண்டு சீட்டின்ர பின்பக்கம் எழுதி, அவவுக்கே வாசிச்சுக் காட்டினியளாம். நான் இருபது கம்பெனி பாத்திட்டன் பிள்ளை. தோத்த யோசனையைச் சொந்தக்காரிக்குத் திருப்பிச் சொன்ன இடம் இது ஒண்டுதான்."

அவர் தாளில் இருபத்தொன்பது என்று எழுதினார். சாத்தப்பன் விரல்விட்டுக் கூட்டி, எழுபத்தேழு என்று முணுமுணுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

தனலெட்சுமிக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "அந்த ஒரு மார்க் எதுக்கு சார் போச்சு?"

"இவ்வளவு சீட்டில உங்கட பேரில ஒண்டும் இல்லையே."

"எனக்கு எங்க சார் நேரம்?"

யோகநாதன் சிரித்தார். ஒரு வெற்றுச் சீட்டை எடுத்து நிதானமாக எழுதி, தமிழில் வாசித்துக் காட்டினார். "யோசனை: எழுத ஏலாதவர்கள் சொல்லுவதைக் கேட்டு எழுதுதல். சோதித்த காலம்: இரண்டு வருடம். முடிவு: வெற்றி. யோசனை சொன்னவர்: தனலெட்சுமி."

சீட்டைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, இருபத்தொன்பதை அடித்து முப்பது என்று திருத்தினார்.

தனலெட்சுமி தலை நிமிர்ந்து லைனுக்குத் திரும்பினாள். அவளுக்கு அத்தனை பெருமையாக இருந்தது. பெட்டியில் இப்போது இருநூற்றுப் பதின்மூன்று சீட்டுகள். அதில் ஒன்று மட்டும் வேறு கையெழுத்து.